கட்டும்போது மட்டும்

மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டுவது வீடு கட்டுவது போலத்தான். சாரம் இல்லாமல் சுவர் எழும்பாது. எழும்பிவிட்டால் சாரத்துக்கு வேலையில்லை. அப்படி, கட்டும்போது மட்டும் தேவைப்பட்ட துணை மென்பொருள் தொகுப்புகளைக் கணினியே பொறுக்கியெடுத்து, "இவற்றை நீக்கலாமா?" என்று கேட்கும். ஆம் என்றால் இடம் மிச்சம்.

அன்று அலுவலகத்தில் அவன் திரையில் நீக்கலாமா என்று வந்த பெயர்களில் கடைசியாக 'அம்மா' என்று இருந்தது.

"டேய், இது உன் வேலையா?" என்று பக்கத்து இருக்கை நண்பனைக் கேட்டான்.

"எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு! நீதான் எதையும் படிக்காமலே ஆம் தட்டுற ஆளாச்சே. தட்டு."

படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை யார் பார்ப்பது என்று காலையில்தான் வீட்டில் ரகளை. இந்த முறை அவன் நன்றாகப் படித்தான். பிறகு ஆம் என்று தட்டினான்.

மாலையில் வீட்டில் மருந்து வாடை இல்லை. பின்னறையில் கட்டில் கிடந்த இடத்தில் மகளின் சைக்கிள் நின்றது.

"அம்மா எங்கே?"

"எந்த அம்மா? வந்ததும் வராததுமா என்ன உளறல்? கை கழுவிட்டு சாப்பிட வாங்க," என்றாள் மனைவி.

அழுகை வரும் என்று நினைத்தான். கொட்டாவிதான் வந்தது.

கல்லூரியில் கணினி படிக்கும் மகள் மடிக்கணினியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என் புராஜெக்ட் கட்டி முடிஞ்சுதுப்பா. எதையோ நீக்கட்டுமான்னு கேக்குது."

"என்னன்னு படிச்சுப் பாரும்மா." அவன் அவசரமாக அவள் பக்கம் வந்தான்.

"நல்லாவே படிச்சுட்டேன்," என்று நிமிராமல் சொல்லிவிட்டு விசையைத் தட்டினாள்.

சமையலறையிலிருந்து வந்த மனைவி, மேசையில் இரண்டு தட்டுகளை வைத்தாள்.