ஒன்பது பேரின் விலாசம்

“உங்க வீட்ல மொத்தம் எத்தனை பேர்ம்மா?”

லிஃப்ட் கம்பெனியின் பணியாளர் அதிகாரி நிமிராமலே கேட்டார்.

“கொஞ்சம் பெரிய குடும்பம் சார்” என்றாள் அந்தப் பள்ளி மாணவி.

“கொஞ்சம்னா?”

அவர் மேஜையில் ஒன்பது விண்ணப்பங்களைச் சீட்டு மாதிரி விரித்தார். ஒன்பதிலும் ஒரே தெரு, ஒரே கதவு எண்.

“எல்லாருக்கும் பதினேழு வயசு. எப்படிம்மா?”

“கூட்டுக் குடும்பம் சார். பெரியப்பா பசங்க, சித்தப்பா பசங்க...”

“எல்லாரும் ஒரே வருஷத்துலயா?”

பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த உதவியாளர் இருமுவது போல் சிரித்தார்.

சிறுபான்மை மாணவர்களுக்கான வேலை ஆயத்தப் பயிற்சியில் மேடம் ஆறு மாதம் எல்லாமே சொல்லிக் கொடுத்திருந்தார். எப்படி உட்காருவது, எங்கே பார்ப்பது, தெரியாததைத் தெரியாது என்று எப்படித் தெம்பாகச் சொல்வது. கடைசி நாளில் பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னார்: “விலாசத்துக்கு என் வீட்டைப் போட்டுடுங்க.”

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் குடியிருக்கும், கால்வாய்க்கு அந்தப் பக்கத்து விலாசம் என்றால் விண்ணப்பம் நேராகக் குப்பைக்கூடைக்குத்தான். இவள் அக்கா மூன்று தடவை சொந்த விலாசத்தில் போட்டாள். கிணற்றில் போட்ட கல். அக்கா இப்போது நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். எழுத்துத் தேர்வில் இரண்டாவதாக வந்தும் இந்த அப்ரண்டிஸ் இடம் போனால், ஐந்தாவது வீட்டுக்கு இவள்தான்.

“பொய் விலாசம் கொடுத்தா விண்ணப்பம் ரத்து. படிவத்துலயே போட்டிருக்கு. படிச்சியா?”

“படிச்சேன் சார்.”

“படிச்சுமா?”

அதிகாரி உதவியாளர் பக்கம் திரும்பினார். “நீங்க போய் மத்தவங்க சான்றிதழைச் சரிபார்த்துடுங்க.”

உதவியாளர் போனார். கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தவள் அழுதே விட்டாள்.

“அது என் வீடில்ல சார். நான் கால்வாய்க்கு அந்தப் பக்கம். மேடம்மேல தப்பில்ல, நாங்களாத்தான் எழுதினோம். என்னை வேணா அனுப்பிடுங்க. மத்த எட்டுப் பேரை விட்டுடுங்க சார்.”

“கண்ணைத் துடை. இன்டர்வியூல அழக்கூடாதுன்னு மேடம் சொல்லித் தரலையா?”

ஒன்பது விண்ணப்பங்களையும் வரிசையாக அடுக்கினார். ‘விலாசம் சரிபார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“பரீட்சை முடிஞ்ச மறுநாள் காலைல எட்டு மணிக்கு வேலைக்கு வந்துடு. அப்புறம், மேடத்தை அடுத்த வருஷம் வேற விலாசம் பார்க்கச் சொல்லு.”

“ஏன் சார்?”

“எனக்கு மாற்றல் வந்திருக்கு. புதுசா வர்ற அதிகாரி, என்னை மாதிரி அந்த விலாசத்தை எழுதி வேலைக்கு வந்த அந்த வீட்டுப் பிள்ளை இல்ல.”