நுங்குக்குக் கீழே

மவுஸ் இடப்பக்கம் இருந்தது.

இடைவேளை முடிந்து வந்த டிலக்சனா, தன் கணினிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

வரைகலை வகுப்பில் இடக்கைக்காரி ஒருத்திதான். மாக்கிறேற்.

இரண்டு கதிரை தள்ளி இருந்த அவள், ஒன்றும் அறியாதவள்போலத் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடிய பாடல்கள் இறுவட்டாக வரப்போகின்றன. அம்மன் பாட்டும் மாதா பாட்டும் அதில் ஒன்றாக இருக்கின்றன. அதற்கான அட்டைப்படங்களில் ஒன்றைப் பிரியவதனி ரீச்சர் இன்று தெரிந்தெடுத்து அச்சுக்கு அனுப்புவார். மூலையில் பெயர் போடாத படத்தை எடுக்கவே மாட்டேன் என்று நேற்றும் சொல்லியிருந்தார்.

டிலக்சனாவின் படத்தில் ஒரு வெட்டிய நுங்கு. அதன் மூன்று கண்களும் மூன்று ஸ்பீக்கர்கள்.

தன் படம்தான் வரும் என்று மண்கும்பானில் வீட்டாருக்கெல்லாம் சொல்லியாயிற்று. கனடாவில் இருக்கிற மாமாவுக்கும் சொல்லியாயிற்று.

நேற்று மாக்கிறேற் பின்னால் வந்து நின்று, "நல்ல வடிவாயிருக்கு" என்றாள். போட்டிக்கு நிற்பவள் ஏன் புகழ வேண்டும்? அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எழுவைதீவிலிருந்து இந்த வருடம்தான் வந்தவள். ஊர்காவற்றுறையில் றோஸ் மாமி வீட்டில் நின்று படிக்கிறாள். மாமியின் கடையில் மரண அறிவித்தலும் கலியாண அட்டையும் அடித்து அடித்து, விசைப்பலகையைப் பார்க்காமலே அடிக்கப் பழகியவள்.

பார்க்காமல் அடிக்கிற விரலுக்கு, பார்க்காமல் அழிக்கவும் தெரியும்.

வேலை தொடங்குமுன் அவள் சிலுவை போட்டுக்கொள்வாள். அதுவும் இப்போது டிலக்சனாவுக்கு வேஷமாகப் பட்டது. சந்தேகம் வந்து மனதில் குந்திவிட்டால், கடவுளுக்கென்று எழுந்த கையையும் அது விட்டுவைப்பதில்லை.

படத்தைத் திறந்து பார்க்க அவகாசம் கிடைக்கவில்லை. இடைவேளை முடியும்போதே ரீச்சர் எல்லாருடைய படங்களையும் பென்டிரைவில் எடுத்து, தன் புதிய மடிக்கணினியில் போட்டுவிட்டார்.

புரொஜெக்டர் வெளிச்சத்தில் முதலில் நிரோஜனின் படம் சுவரில் விழுந்தது. கிற்றார் வாசிக்கிற மாடு. எல்லாரும் சிரித்தார்கள். டிலக்சனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தது நுங்கு.

மூன்று கண்களும் பளபளவென்று அப்படியே இருந்தன. ஆனால் கீழே, வலது மூலையில், அவள் எழுதாத ஏதோ ஒன்று இருந்தது.

byf;rdh

"நுங்குக்கு விலை போட்டிருக்கிறா போலை!" என்றான் நிரோஜன்.

வகுப்பே சிரிப்பில் அதிர்ந்தது. டிலக்சனாவின் காது இரண்டும் எரிந்தன.

"ஆர் பிள்ளை இதைப் போட்டது?" என்றார் ரீச்சர்.

"மாக்கிறேற்தான், ரீச்சர்."

மாக்கிறேற் எழுந்தாள். "டிலக்சனா, அது வந்து..."

அவள் சொல்லி முடிக்கும்வரை டிலக்சனா நிற்கவில்லை. ஓடிப்போய் ரீச்சரின் மடிக்கணினியில் அந்த வரியை அழித்தாள். ஒரு கறுத்த பூச்சியை நசுக்கியதுபோல இருந்தது.

ரீச்சர் நுங்கை மூடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த படத்தைத் திறந்தார்.

மாக்கிறேற்றின் படம். இரவுக்கடலில் ஒரு வள்ளம், அதன் விளக்கைச் சுற்றி ஒலியலைபோல வட்டம் வட்டமாக வெளிச்சம்.

அதன் மூலையிலும் அதேமாதிரி ஒன்று.

khf;fpNww;

"இதுக்கும் விலையோ!"

நடிக்கிறாள் என்று நினைத்தாள் டிலக்சனா. பிடிபட்டால் தப்புவதற்காகத் தன் படத்தையும் முன்கூட்டியே கெடுத்து வைத்திருக்கிறாள். எவ்வளவு பெரிய கள்ளி!

ஆனால் ரீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கடைப்பழக்கம் விடாதெல்லோ. பாமினி எழுத்துருவிலை அடிச்சிருக்கிறீர், என்ன? என்ரை கொம்பியூட்டரிலை அது இல்லை. அதுதான் இப்பிடி இங்கிலீசாய்க் கிடக்குது."

வகுப்புக் கணினி ஒன்றிலிருந்து அந்த எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டார். சுவரில் இருந்த கிறுக்கல் ஒருமுறை துடித்தது. பிறகு நல்ல தமிழில் நின்றது.

மாக்கிறேற்.

வகுப்பு அடங்கிவிட்டது.

ரீச்சர் நுங்குக்குத் திரும்பினார். கன நேரம் அதைப் பார்த்தார். அவருக்கு அது பிடித்திருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது.

"இதிலை உம்மடை பேர் எங்கை, டிலக்சனா?"

அவள் வெறுமையான மூலையைப் பார்த்தாள்.

நுங்கின் கண்களுக்கு வெளிச்சம் போட்டாள். நிழல் போட்டாள். தோலின் விளிம்புக்கு ஊதா நிறம்கூடத் தேடித் தேடிப் போட்டாள். பெயரைத்தான் போட மறந்துவிட்டாள்.

"சொன்னனானெல்லோ, பேர் இல்லாட்டி ஏலாது எண்டு."

கதிரை அரக்கும் சத்தம் கேட்டது. மாக்கிறேற் முன்னால் வந்தாள். ரீச்சரின் மவுஸை இடப்பக்கம் நகர்த்தி வைத்தாள். அழித்ததை மீட்கிற விசைகளைப் பார்க்காமலே தட்டினாள்.

நுங்குக்குக் கீழே அந்த வரி திரும்பி வந்தது. இம்முறை தமிழில்.

டிலக்சனா.

மாக்கிறேற் தன் இடத்துக்குப் போய் இருந்துகொண்டாள்.

ரீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு டிலக்சனாவைப் பார்த்தார்.

"அப்ப இதை ஆர் பிள்ளை போட்டது?"

டிலக்சனா இடப்பக்கம் கிடந்த மவுஸைப் பார்த்தாள்.

"மாக்கிறேற்தான், ரீச்சர்."