விசிலின் காம்பு

பொம்மை ரயில் எஞ்சின் செய்யும் மேசையில் ஒரு பித்தளை விசில் கிடந்தது. அரிசி அளவுதான் இருக்கும். வாய் மட்டும் நிஜ எஞ்சின் அளவு. வார்ப்பிலிருந்து வரும்போதே அதன் காலடியில் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு காம்பு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"எந்த ஊர் எஞ்சின் விசிலுக்கு வால் இருக்கு? நியாயத்தைச் சொல்லுங்க!" என்று கட்டிங் பிளேயரிடம் விசில் சண்டை பிடித்தது. "இப்பவே வெட்டி விடுங்கண்ணே!"

"நேத்து எஞ்சின்ல மாட்டுற குட்டி மணி ஒண்ணும் இப்படித்தான் குதிச்சுது," என்றது பிளேயர். "வெட்டி விட்டேன். பிடிக்க இடமில்லாம, அரம் பட்டதுமே துள்ளிப் பறந்துடுச்சு. இன்னும் தரையில தேடுறாங்க."

"அப்போ இப்ப வேணாம்ணே!" என்றது விசில். அரம் வந்தது. எஞ்சின் செய்பவரின் இடுக்கி காம்பைத்தான் இறுக்கிப் பிடித்தது. நசுங்கியது காம்பு, பளபளத்தது விசில்.

வேலை முடிந்ததும் பிளேயர் வாயைத் திறந்தது. "ஒட்ட வெட்டிடவா?"

"எள்ளளவு என்னை அவ காலடியில விட்டுருங்கண்ணே," என்றது காம்பு. "எஞ்சின் துளையில ஊன்றி நிக்க ஏதாவது வேணுமில்ல?"

"அப்போ மிச்சமிருக்கிற நீ?" விசில் பதறியது.

"உருக்கிடுவாங்க. உனக்கென்ன, நீ நேரா நில்லு தாயி."

பிளேயர் எள்ளளவு விட்டு வெட்டியது.

இப்போது அது எஞ்சின் முதுகில் நிமிர்ந்து நிற்கிறது. பார்க்கிறவர்கள் "என்ன அழகான விசில்!" என்றால் போதும், சண்டைக்கு வந்துவிடுகிறது: "துளைக்குள்ள ஒருத்தர் நிக்கிறாரே, அவரைப் பத்தி யார் சொல்றது?"