இழுவை

அறுவடை முடிந்த வயலில் இரண்டு டிராக்டர்களும் முதுகோடு முதுகாக நின்றன. என் வண்டியின் இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு. என்னைக் கேட்காமல் என் மகள் வேதவல்லியைக் கட்டிக்கொண்ட மாதேஷின் வண்டியில் எடை குறைந்த அலுமினியம். இரண்டு வண்டியையும் சங்கிலியால் பிணைத்து எதிரெதிராக இழுக்க வேண்டும். அவன் இழுத்து ஜெயித்தால் இருவரும் என் வீட்டுப் படியேறலாம். தோற்றால் ஊரை விட்டே போக வேண்டும். ஊரார் முன்னால் நான் சொன்ன சொல் அது.

"மாமா, உங்க இரும்புக் கெழடு இப்பவே மூச்சு வாங்குது. எறங்கிக்கிறீங்களா?" என்றான் மாதேஷ். ஊரே சிரித்தது.

"உன் தகர டப்பாவ மொதல்ல கட்டுடா," என்றேன்.

கட்டினான். அச்சுக்குக் கீழே மாட்ட வேண்டிய சங்கிலியை மேல் கொக்கியில் மாட்டினான். முன்பக்கம் கனமில்லாத வண்டியை அப்படிக் கட்டி இழுத்தால், அது பின்னால் புரண்டு ஓட்டுகிறவனை நசுக்கும். பார்த்தேன். சொல்லவில்லை.

சங்கிலி விறைத்தது. என் வண்டி மண்ணைக் கடித்து நகர்ந்தது. அவன் ஆக்ஸிலேட்டரை விடாமல் மிதித்தான். அவனுடைய முன்சக்கரங்கள் ஒரு முழம் எழுந்தன, பிறகு ஆள் உயரம். ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கினான். கூட்டம் அலறிக்கொண்டு விலகியது.

வேதவல்லி ஓடிவந்து என் மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, கிளட்ச்ச மிதிச்சு இழுவைய விடுங்க. அவரு செத்துருவாருப்பா. நாங்க ஊர விட்டே போயிர்றோம்."

அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டு ஒரு வருடம் ஆகிறது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். கால் கிளட்சின் மேல்தான் இருந்தது.