நாற்பத்திரண்டு முறுக்குச் சடைகள்

"தேய்க்காதீங்க, அழுத்துங்க! மேலேர்ந்து கீழே, மெதுவா. இதென்ன உங்க இரும்புக் கேட்டா, உப்புத்தாள் போடறதுக்கு?"

பஸ்ஸுக்கு நேரமாகியும் மனைவி அஃப்ரியேவின் பாடம் முடியவில்லை. ஒஃபோரி உள்ளங்கையில் தலைக்குத் தடவும் ஷியா வெண்ணெயோடு ஏழு வயது மகள் செர்வாவின் பின்னால் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தான். கானாவின் குமாசி நகரத்தில் அவன் வெல்டிங் செய்த கேட் இல்லாத தெரு குறைவு. ஆனால் மகளின் தலையில் கை வைப்பது இதுதான் முதல் தடவை.

"தினம் சாயங்காலம் தண்ணி தெளிக்கணும். அப்புறம் வெண்ணெய், கடலை அளவு போதும். படுக்கறப்ப சாட்டின் துணி கட்டணும். வறண்ட ஹர்மட்டான் காத்து அடிக்குது, ஒரு நாள் விட்டாலும் முடி காஞ்சு உடைஞ்சிடும். தண்ணி ஜாஸ்தியானா சடை பிரிஞ்சிடும்."

"காயவும் கூடாது, நனையவும் கூடாது. உன் மூக்குமேல வர்ற கோபத்தைக்கூட சமாளிச்சிடலாம் போலிருக்கே!"

அவள் சிரிக்கவில்லை. "நான் விளையாடலை, செர்வா அப்பா. பத்து நாள் கழிச்சு நான் வர்றப்ப நாற்பத்திரண்டு சடையும் இப்படியே இருக்கணும். இருந்தா, புள்ளைய உங்ககிட்ட விட்டுட்டு அக்ரா போவேன். இல்லேன்னா அந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுடுவேன்."

நர்ஸான அவளுக்குத் தலைநகர் அக்ராவின் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாத ஆபரேஷன் தியேட்டர் பயிற்சி. நாலு வருஷமாக விண்ணப்பம் போட்டு இப்போதுதான் கடிதம் வந்திருந்தது. வந்த அன்று தெருவே வேடிக்கை பார்க்க ஆடினாள். அதற்குள் வடக்கே பத்து நாள் தடுப்பூசி முகாம் வந்து சேர, அதையே கணவனுக்குப் பரீட்சையாக வைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

மூன்று மாதம் அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே ஒஃபோரிக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை அவன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் துணியை அவிழ்த்தவன் திடுக்கிட்டுப் போனான். நுனிகள் எல்லாம் பிரிந்து நின்றன. காதோரத்தில் ஏழெட்டுச் சடைகள் இருந்த இடமே தெரியவில்லை.

"போச்சு! அம்மா உன்னைக் கொல்லப் போறா," என்றாள் செர்வா, கண்ணாடியைப் பார்த்துவிட்டு.

மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினான். கொனாடு அக்கா தலை பின்னுவதையே தொழிலாகச் செய்பவள்.

"எத்தனை வாளி ஊத்தினே?" என்றாள் அக்கா.

"நாலே நாலு தடவை தெளிச்சேன், அக்கா. கை கொஞ்சம் தாராளமாப் போயிடுச்சோ என்னவோ."

"உக்காரு பாப்பா. ரெண்டு மணி நேரத்துல போட்டுடறேன்."

"வேண்டாம். எனக்குச் சொல்லிக் குடுங்க, நானே போடறேன். மூணு மாசமும் உங்க வாசல்லயே நிக்க முடியுமா?"

அக்கா அவனுடைய தழும்பேறிய விரல்களைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சீப்பை அவன் கையில் கொடுத்தாள்.

"வகிடு எடு. ரெண்டு பிரியா பிரி. ஒண்ணுமேல ஒண்ணு சுத்து. நுனிய விரல்ல சுருட்டி விடு."

"அப்பா, வலிக்குது! காதையும் சேர்த்து முறுக்கறே!"

முதல் நாள் ஆறு சடைதான் தேறியது. மறுநாள் பதினொன்று. மீதியை முடிக்க மேலும் இரண்டு நாள் ஆயிற்று. மகளின் வாயை அடைக்க தினமும் வறுத்த வாழைப்பழம் வாங்கித் தர வேண்டியிருந்தது. விரல் வீங்கிப் பட்டறையில் வெல்டிங் கம்பியைப் பிடிக்க முடியாமல் போனதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் தவறாமல் அஃப்ரியே போன் செய்தாள்.

"சடை கலைஞ்சிடுச்சா? உண்மையைச் சொல்லுங்க. கலைஞ்சிருந்தா நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"எதுக்குக் கலையப் போகுது? கல்லு மாதிரி இருக்கு."

"ஒண்ணுகூடவா?"

என்ன இருந்தாலும் இவளுக்கு என்மேல் இவ்வளவு அவநம்பிக்கையா என்று அவனுக்கு மனசு சுருக்கென்றது.

பத்தாம் நாள் மாலை பையைக்கூடக் கீழே வைக்காமல் மகளின் சாட்டின் துணியை அவிழ்த்தாள் அஃப்ரியே. நாற்பத்திரண்டு சடைகளும் ஈரப்பசையோடு மின்னின. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். வகிடுகள் கோணல்மாணலாக ஓடின.

"இதுல நான் போட்டது ஒண்ணுகூட இல்லையே," என்றாள் மெதுவாக.

செர்வா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தான்.

"மூணாம் நாளே பிரிஞ்சு போச்சு. என் கைதான் சரியில்ல. எல்லாத்தையும் நானே மறுபடி போட்டேன். ஏமாத்தணும்னு இல்ல, அஃப்ரியே. நாலு வருஷமா நீ காத்திருந்தது என்னால கெட்டுப் போச்சுன்னு ஆகிடக் கூடாதேன்னுதான். நீ போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

அவனுடைய வீங்கிய விரல்களை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள் அஃப்ரியே. கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

"உங்க கைமேல தப்பில்ல. உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போக மனசு வராம, மூணு நாள்கூடத் தாங்காத மாதிரி நான்தான் தொளதொளன்னு முறுக்கிட்டுப் போனேன். சடை பிரிஞ்சிடுச்சு, நீ அக்ராவுக்குப் போக வேண்டாம்னு சொல்வீங்கன்னுதான் தினமும் போன் பண்ணினேன்!"