குடியிருப்பவன்

சவரம் செய்யும் பிரஷ் நனைந்திருந்தது.

அவள் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பிரஷ்ஷுக்கு உரிய கணவன் வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது வீட்டில் இருப்பது அவள், நாலு வயது மகள், மாமியார். மூன்று பேரில் யாருக்கும் மீசை முளைக்கவில்லை.

நேற்று கொடியில் அவன் சட்டை சொட்டச் சொட்டத் தொங்கியது. அதற்கு முந்தின நாள் வாசலில் அவன் செருப்பு. கதவில் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது, ஜன்னல் கம்பி ஒன்றும் வளையவில்லை. ஆள் எந்த வழியாக வந்து போகிறான் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"அத்தை... அவர் வந்தாரா?"

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் நிமிரவில்லை. "அவன் வீடு. அவன் வந்தா உனக்கு எங்க வலிக்குது?"

அவள் போய் ஜன்னல் கம்பிகளை மறுபடியும் அசைத்துப் பார்த்தாள்.

விவாகரத்து வேண்டும், பிள்ளை தன்னிடமே இருக்க வேண்டும் என்று கேட்டு அவள் வழக்குப் போட்டிருந்தாள். போன வாரம் வக்கீலம்மா இதே கூடத்தில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். "இந்த நாட்டுச் சட்டத்துல, நீ எந்த ஊர்ல இருக்கேன்னு கோர்ட் பார்க்காதும்மா. யார் மேல கேஸ் போடறோமோ, அவங்க குடியிருக்கிற ஊர்லதான் நடக்கும். உன் புருஷன் நிரந்தரமா அந்த ஊருக்கே போயிட்டார்னா கேஸும் அங்க போயிடும். அவர் இங்க குடியிருக்காரான்னு கோர்ட் ஆள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்."

"புருஷனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறவளுக்கு ஊர் எதுவா இருந்தா என்ன?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. கூடவே ஒரு பாத்திரம் ணங்கென்று விழுந்தது.

அவன் போயிருக்கும் அந்த ஊரை நினைக்கவே அவள் பயந்தாள். அவனுடைய ஆட்கள் நிறைந்த ஊர். "கேஸுக்குப் பிள்ளையோட வா. திரும்பிப் போறது நீ மட்டும்தான்" என்று போனில் சொல்லிச் சிரித்திருந்தான்.

இப்போது அவனே இங்கு வந்துவிட்டானா? பிள்ளைக்காகவா?

படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. அவள் மகளை வாரிக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டாள்.

"ஒளிஞ்சு விளையாடறோமாம்மா?"

"ஆமா கண்ணு. மூச்சுக் காட்டாதே."

வாசற்கதவு திறந்தது. ஆண்குரல். ஆனால் அவன் குரல் இல்லை.

"கோர்ட்லேருந்து வர்றேன். உங்க மகன் இங்கதான் குடியிருக்காரா?"

"வேற எங்க இருப்பான்?" என்றாள் மாமியார். "காலைல கிளம்பிப் போனான், வர நேரமாகும்."

பூட்ஸ் சத்தம் கூடத்தில் மெல்ல ஒரு சுற்று சுற்றி வந்தது. "சரி, இந்த சம்மனை நீங்களே வாங்கிக்கலாம். கூடக் குடியிருக்கிற பெரியவங்க வாங்கினா, அவர் வாங்கின மாதிரிதான்."

பேனா கீறும் சத்தம் கேட்டது. பூட்ஸ் படியிறங்கிப் போயிற்று.

அவள் கதவைத் திறந்தபோது மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை... அப்ப அவர் வீட்டுக்குள்ள வந்துட்டுப் போறது நிஜம்தானா?"

"அந்தப் படுபாவி எங்க வந்தான்? எல்லாத்தையும் எடுத்து, நனைச்சு வெச்சது நான்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை... செத்துப் பிழைச்சேனே!"

"சொன்னா உன் மூஞ்சியே காட்டிக்கொடுத்திருக்கும்." மாமியார் பேத்தியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் மருமகளின் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதடி. கேஸுக்கு இனிமே அவன்தான் இங்க வரணும்."