முப்பது நொடி

கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களையும் அதே பாறை இடுக்கில் ஊன்றினான். இரண்டு வருடங்களுக்கு முன் ஊன்றிய இடம்தான்.

மேற்கே மேகம் கறுத்துத் தொங்கியது. அதற்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இன்னும் கால் மணியில் சூரியன் அங்கே இறங்கும். பாறைகளெல்லாம் சிவக்கும். நாலைந்து நிமிடம்தான்.

இந்த நாலைந்து நிமிடத்துக்காகத்தான் அவர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை அறிவிப்பு வந்தால் மற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள். இவன் பெட்டி கட்டுவான். சுகந்தியும் கூடவே கட்டுவாள்.

மனைவி என்றால் இப்படி அமைய வேண்டும் என்று நண்பர்கள் சொல்வார்கள்.

அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான், மடையன்.

படத்தில் ஓர் ஆள் நின்றால்தான் மலை எத்தனை பெரியது என்று தெரியும். அந்த ஆள் எப்போதும் அவள்தான். மஞ்சள் மழைக்கோட்டு. கேமராவுக்கு முதுகு. முகம் தெரிகிற மாதிரி ஒரு நல்ல படம்கூட அவளை அவன் எடுத்ததில்லை. மாலை போடுவதற்குக் கல்யாண ஆல்பத்தைத்தான் புரட்ட வேண்டியிருந்தது.

ஷட்டர் முப்பது நொடி திறந்திருக்கும். அதற்குள் அசைகிறதெல்லாம் படத்தில் கரைந்துபோகும். எவ்வளவு பெரிய அலையும் வெறும் பனிமூட்டமாகிவிடும். அசையாதது மட்டும் நிற்கும். பாதியில் விலகியது, பின்னால் இருப்பது தெரிகிற அளவுக்குத்தான் பதியும்.

வால்பாறையில் ஒருமுறை காலில் அட்டை ஏறியது. அவள் குனிந்துவிட்டாள். படம் கெட்டது. அப்புறம் அந்த வெளிச்சம் வரவே இல்லை.

இரண்டு நாள் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவளே வந்து சொன்னாள்.

“இனிமே என்ன ஆனாலும் அசைய மாட்டேன். போதுமா?”

அவனுக்குப் போதும் என்றுதான் இருந்தது.

இங்கே, அன்றைக்கு, கேமராத் திரையில் ஓடிய நொடிகளைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவளை அல்ல. ஷட்டர் மூடிய பிறகு நிமிர்ந்தான். அவள் நின்ற பாறையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

திடீரென்று வந்த அலை என்றார்கள். போலீஸும் அப்படித்தான் எழுதிக்கொண்டது. அவளுடைய அண்ணன்கூட அப்படிச் சொல்லித்தான் இவன் தோளைப் பிடித்துக்கொண்டான். திடீரென்று. அந்த ஒரு சொல்லால்தான் இரண்டு வருடமாகத் தொண்டையில் சோறு இறங்கியது.

இன்று கரையில் படகை மேடேற்றிக்கொண்டிருந்தவர், யாரோ படம் எடுக்க வந்த ஆள் என்று நினைத்து, நல்லதுக்குத்தான் சொன்னார்.

“பயப்படாண்டாம் சார். பெரிய அலைன்னா தூரத்துலயே கறுத்துட்டு வரும். கண்ணுல பட்டதும் ஓடி வந்திரணும். நேரம் இருக்கும்.”

நேரம் இருக்கும்.

வெளிச்சம் வந்தது. பாறைகள் சிவந்தன.

ரிமோட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் நின்ற பாறையில் நின்றான். அவளைப் போலவே கடலைப் பார்த்து. அங்கிருந்து அலை வருவது தெரியாது என்று ஆகிவிட்டால் போதும். திரும்பிப் போய் எப்படியாவது இருந்துவிடலாம்.

பொத்தானை அழுத்தினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

தூரத்தில் ஒரு கோடு கறுத்தது.

நான்கு.

கோடு தடித்தது. மற்ற அலைகளை விழுங்கிக்கொண்டு வந்தது. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஓடக் கூடாது என்றுதான் நினைத்தான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தான்.

மேல்பாறையில் குப்புறக் கிடந்தான். முழங்கால் கிழிந்திருந்தது. எப்படி ஏறினான் என்று தெரியவில்லை. பின்னால் அலை இடித்த சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. முதுகில் சாரல் விழுந்தது.

எங்கோ ஷட்டர் மூடிக்கொண்டது.

அழுகை வரவில்லை. எழுந்து போய்த் திரையைப் பார்த்தான்.

வாழ்க்கையில் அவன் எடுத்த படங்களிலேயே இதில்தான் நல்ல வெளிச்சம். கடல் பனிமூட்டமாகப் படுத்திருந்தது. நடுவே சிவந்த பாறை.

பாறையில் யாரும் இல்லை. ஒரு நிழல்கூடப் பதியவில்லை.

சுகந்தியின் கடைசிப் படத்தில் மஞ்சள் மழைக்கோட்டு நன்றாகவே தெரியும். அதன் வழியே பின்னாலிருக்கும் பாறையும் லேசாகத் தெரியும்.

எத்தனை நொடி நின்றால் அவ்வளவு மஞ்சள் பதியும் என்று அவனுக்குத் தெரியும்.